பானட்டுக்குப் பின்னால் நின்றவர்

மே மாதம் பதினொன்றாம் தேதி, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். கத்திரி தொடங்கி எட்டாவது நாள். வானத்தில் பெயருக்கு ஒரு மேகம் இல்லை. மேற்கிலிருந்து அடித்த காற்று வெந்து வந்தது. மதுரையிலிருந்து திரும்பும் வழியில், கீழவளவு தாண்டி, திருப்பத்தூருக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, என் மைத்துனருடைய காரில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முதலில் பார்த்தவன் நான்தான். முன் இருக்கையில் உட்கார்ந்தால் எனக்கு அதைப் பார்ப்பதுதான் வேலை.

"மாப்ளே, முள்ளு" என்றேன்.

"பாத்துட்டேன் மச்சான். அது ஒண்ணுமில்ல."

சொல்லிக்கொண்டே ஏசியை அணைத்தார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். பிறகு ஹீட்டரைத் திருகி முழுதாக வைத்தார். கத்திரி வெயிலில், காருக்குள், ஹீட்டர். முழங்காலில் அனல் அடித்தது. பின்னால் கண்ணில் கட்டுடன் சாய்ந்திருந்த என் மனைவி, தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டாள். எஞ்சினுடைய சூட்டில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொண்டால் அது நிழல் வரும் வரை தாங்கும் என்று அவர் அக்காவுக்கு விளக்கினார். தாங்கியது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி பானட்டைத் தூக்கியபோது வெள்ளையாக ஆவி எழுந்தது. நான் பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். அரை மணி நேரம் அதைத் தொடக்கூடாது, தொட்டால் முகம் வெந்துவிடும் என்றார். அந்த அரை மணி நேரமும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நுங்கு விற்கிறவரைக் கண்டுபிடித்து அக்காவுக்கு நுங்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று வண்டி உண்மையாகவே சூடானது. அதில் சந்தேகம் இல்லை. ரப்பர் குழாய் வெடித்திருந்தது. வாட்டர் பம்ப் போய்விட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மூலம் போர்த் தண்ணீர். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பருப்பே வேகாது. அதை வருடக் கணக்காக ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களில் பாத்திரத்தில் படிவது போல உப்புப் படிந்துவிடும். காரைக்குடியில் பத்து நாள் வேலை பார்த்தார்கள். பம்ப், குழாய்கள், ஹெட் கேஸ்கட் எல்லாம் புதிது. ரேடியேட்டரையும் புதிதாகவே மாற்றினார்கள். தண்ணீருக்குப் பதில் பச்சை நிறக் கூலண்ட் நிரப்பினார்கள்.

நான் அரசாங்கத்தில் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தோரு வருடம் மழைமானியில் விழுந்த தண்ணீரை அளந்தேன். வயலில் சதுரம் கட்டி அறுத்த நெல்லை எடை போட்டேன். எண்ணுவது பழக்கமாகிவிட்டது. கவலைப்படுவது அதற்கு முன்பே இருந்தது. என் மைத்துனர் இரண்டுக்கும் நேர் எதிர். காரைக்குடியில் உரக்கடை வைத்திருந்தார். என்னைவிட ஐந்து வயது இளையவர். பிள்ளைகள் இல்லை. எந்தக் கெட்ட செய்தியும் அவர் வாயிலிருந்து முழுதாக வெளியே வராது. வழியிலேயே சுருங்கி 'ஒண்ணுமில்ல' என்றாகிவிடும்.

ஒருமுறை கடையின் பின்சுவரில் துளை போட்டு யாரோ பதினான்கு மூட்டை யூரியாவைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்களிடம் அவர் சொன்னது, பின்சுவரில் சின்னப் பூச்சு வேலை நடக்கிறது, இரண்டு நாள் கடை லீவு என்று. போலீஸ்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய்ச் சத்தம் போட்டேன். "சொல்லியிருந்தா நீங்க ரெண்டு நாள் தூங்கியிருக்க மாட்டீக. மூட்டையா திரும்பி வரப் போகுது?" என்று டீ வரவழைத்தார்.

அதைவிடப் பழைய கதை என் மகளுடைய காதுகுத்து. எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மடி கிடைக்காவிட்டால் பிள்ளை தாய்மாமன் அற்றது என்று ஊர் பேசும். கோயிலில் அவர் பட்டு வேட்டி கட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். என் மகள் அப்போது நல்ல கனம். ஆசாரி ஊசியை எடுத்ததும் கால் இரண்டையும் உதறி உதறி அவர் வயிற்றிலேயே உதைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே, உதைடி என் தங்கம், மாமன் வயிறுதானே என்று சொல்லிக்கொண்டிருந்தார். பந்தி முடிந்து எழுந்தபோதுதான் என் மனைவி அவர் வேட்டியில் ரத்தத்தைப் பார்த்தாள். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து எட்டாவது நாள். உரக் கம்பெனி கூட்டத்துக்குத் திருச்சி போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். தையலில் இரண்டு பிரிந்துவிட்டது.

"சொன்னா நீ தேதியைத் தள்ளிப்போடுவ. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுல்ல" என்றார் அக்காவிடம்.

என் மனைவி அன்று அழுத அழுகையை நான் மறக்கவில்லை. இனி இப்படி ஏதாவது மறைத்தால் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று தம்பியிடம் கையடித்துச் சொன்னாள். அவரும் சரி என்று தலையாட்டினார்.

இப்போது அவளுக்குக் கண்ணின் விழித்திரையில் கோளாறு. மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். ஒரு மாதம் விட்டாலும் இருக்கிற பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆள் உருவம் தெரியும், முகம் தெரியாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாடகைக் கார் வைக்கலாம் என்றேன். மைத்துனர் அதைக் கேட்டுக் கோபப்பட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒவ்வொரு மாதமும் காலை ஆறு மணிக்குக் கோட்டையூரில் எங்கள் வாசலில் அவருடைய கார் வந்து நிற்கும்.

ரிப்பேர் முடிந்து ஜூனில் போன முதல் பயணத்தில், சூடு காட்டும் முள் இருக்கும் இடத்தில் ஒரு வட்டமான பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிள்ளையார்பட்டியில் வாங்கியதாம்.

"இதை எதுக்கு மாப்ளே இங்க ஒட்டினீக?"

"நீங்க ரோட்டைப் பாக்காம அதையே பாத்துக்கிட்டு வாரீக. எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் பயந்துக்கிட்டே வந்தா வண்டி ஓட்ட வரல. இனிமே அவரு பாத்துக்கிருவாரு."

என் மனைவி பின்னாலிருந்து சிரித்தாள். எனக்கு உள்ளூர ஆத்திரம்தான். முள் தெரியாத காரில் போவது மழைமானி இல்லாமல் மழையைக் கணக்கெழுதுவது போல.

அடுத்த மாதத்திலிருந்து வண்டி மறுபடி சூடாக ஆரம்பித்தது. கீழவளவுக்கு முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினார். "லேசா சூடு ஏறுது மச்சான். ஆவி வந்தப்புறம் நிப்பாட்டுனா ஹெட் போயிரும். முன்னக்கூட்டியே ஆற விட்டுறணும்" என்றார். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டு அதற்குப் பின்னால் போய் நின்றார். எங்களுக்குத் தூக்கிய தகடுதான் தெரியும், ஆள் தெரியாது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். பிறகு முகம், கை எல்லாம் நனைந்து, துண்டால் துடைத்துக்கொண்டே வருவார். நான் இறங்கி உதவ வருகிறேன் என்றால் விடமாட்டார். அக்கா தனியாக இருக்கிறது, கூட இருங்கள் என்பார்.

ஹீட்டரைப் போடேன், முன்பு தாங்கியதே என்று நான் சொன்னேன். அக்காவுக்கு அனல் ஆகாது என்றார். அதுவும் சரி என்றுதான் பட்டது.

அந்த மாதங்களில் நான் அவருக்குச் சொல்லாத வைத்தியம் இல்லை. ரேடியேட்டரில் ஒழுகல் இருந்தால் மஞ்சள்தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். கால் கிலோ வாங்கிக்கொண்டு போனேன். "அதை ரசத்துல போடச் சொல்லுங்க மச்சான்" என்றார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும் என்று இன்னொருவர் சொன்னார். அதையும் சொன்னேன். போர்த் தண்ணீர் வேண்டாம் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஐந்து லிட்டர் கேன் இரண்டில் ஊருணித் தண்ணீர் பிடித்து டிக்கியில் ஏற்றினேன். திரும்பி வரும்போது இரண்டு கேனும் காலியாக இருக்கும். வண்டி இவ்வளவு குடிக்கிறதே என்று எனக்குப் புதுக் கவலை. வண்டியை விற்றுவிடு என்று மாதம் ஒருமுறை சொன்னேன். எத்தனை தடவை வழியில் நின்றது என்று கணக்கும் வைத்துக்கொண்டேன். விற்கச் சொல்லும்போது ஆதாரம் வேண்டுமே.

ஊருக்குள்ளும் விஷயம் பரவிவிட்டது. கடைத்தெருவில் அவரைப் பார்ப்பவர்கள் வண்டி எப்படி இருக்கிறது, இன்னும் கொதிக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கொதிக்கிறது என்பார். மதுரையில் அக்காவுக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருக்கும் மூன்று மணி நேரமும் வண்டியை ஒர்க்ஷாப்பில் காட்டிவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார். வரும்போது முகம் வெளுத்திருக்கும். வெயிலில் நின்றதனால் என்று நினைத்தேன். சட்டை தொளதொளவென்று ஆகியிருந்ததைக் கேட்டதற்குச் சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்திருக்கிறேன் என்றார். பிப்ரவரியில் போனபோது ஒரே பயணத்தில் மூன்று இடத்தில் நிறுத்தினார். மூன்றாவது இடத்தில் இருபத்தாறு நிமிடம்.

மார்ச் முதல் வாரத்தில் அவரை மதுரையில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. கணையத்தில் கட்டி, இப்போதுதான் தெரிந்தது, முற்றிவிட்டது என்றார்கள். பதினோரு நாளில் போய்விட்டார். என் மனைவி அவர் முகத்தைக் கையால் தடவித்தான் பார்த்தாள். கன்னம் எங்கே போயிற்று, என் தம்பிக்குக் கன்னம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நோய் கடைசி மாதத்தில் வந்து அப்படியே கொண்டுபோய்விட்டது, பாவம், அதிகம் கஷ்டப்படவில்லை என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, மைத்துனருடைய மனைவி என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணே, மனசுல வச்சிக்கிட்டு இருக்க முடியல. அவுகளுக்குப் போன வைகாசியிலேயே தெரியும். அறுக்க முடியாதுன்னுட்டாக. அக்காகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. தெரிஞ்சா அது கார்ல ஏறாது, ஊசி போட வராது, கண்ணு போயிரும்னாக."

"வலி இருந்துச்சாம்மா?"

"திடீர்னு வயித்துலருந்து முதுகு வரைக்கும் இழுக்கும்ண்ணே. படுத்தா தாங்காது. எதையாவது பிடிச்சுக் குனிஞ்சு நின்னாத்தான் கொஞ்சம் அடங்கும். இந்தத் தொட்டிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை நாள் நின்னிருக்காக."

தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பார்த்தேன். இடுப்பு உயரம். என் புத்தி அதற்கு மேல் போகவில்லை. அவர் மதுரையில் ஒர்க்ஷாப் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது. அக்காவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் தாங்காது என்று அவர் மனைவியும் சொன்னார், நானும் சொன்னேன்.

மார்ச் மாத ஊசியை மதுரையில் அவரைப் பார்க்கப் போனபோதே போட்டாயிற்று. ஏப்ரல் மாத ஊசிக்குக் கோயம்புத்தூரிலிருந்து என் மகள் லீவு போட்டு வந்தாள். மாமா காரிலேயே போகலாம், அம்மாவுக்கு அந்த இருக்கை பழக்கம் என்றாள். வண்டி கொதிக்கும், அடிக்கடி நிறுத்த வேண்டும் என்று எச்சரித்து இரண்டு கேன் தண்ணீர் ஏற்றினேன். இந்தத் தடவை டாக்டர் பிற்பகலில் வரச் சொல்லியிருந்ததால் நல்ல வெயிலில் கிளம்பினோம். ஏசி முழுதாக ஓடியது. குன்றக்குடி தாண்டியது. திருப்பத்தூர் தாண்டியது. வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"முள்ளு மேல என்னப்பா ஸ்டிக்கரு? தெரிய வேணாமா?" என்று என் மகள் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்துவிட்டாள்.

முள் பாதிக்குக் கீழே இருந்தது.

கெட்டுப்போயிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். கண்ணாடியில் விரலால் தட்டினேன். வண்டியைக் கிளப்பும்போது அது அடியில் கிடந்திருக்கும். இப்போது அளவான இடத்துக்கு ஏறி நிற்கிறது. வேலை செய்கிற முள்தான். அடுத்த இருபது கிலோமீட்டரும் அது அசையவில்லை. என் மகள், வண்டி நல்லாத்தானே இருக்கு என்பது போல என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது கொல்லைப்புறத் தொட்டிச் சுவர் நினைவுக்கு வந்தது. காருக்கு முன்பக்கம், பானட்டைத் தூக்கினால், ஏறக்குறைய அதே உயரம்.

பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள்: "என்ன, இன்னும் நிப்பாட்டலையா? தம்பி இந்நேரம் ரெண்டு தடவை நிப்பாட்டியிருப்பானே."

அவளுக்கு முகம் தெரியாதே தவிர, காது கூர்மை. இரண்டு நொடி போனால் அடுத்த கேள்வி வரும்.

"இதோ, நிப்பாட்டும்மா. சூடாயிருச்சு" என்றேன் மகளிடம்.

அவள் முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஓரங்கட்டி நிறுத்தினாள். நான் இறங்கி பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன். ரேடியேட்டருக்கு மேலே குறுக்காகப் போகும் இரும்புச் சட்டம் முழுவதும் புழுதி அப்பியிருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் புழுதி இல்லை. பெயிண்ட் தேய்ந்து பளபளத்தது. முழங்கைகளை அங்கே வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. குனிந்தால் கண்ணுக்கு எதிரே பானட்டின் உள்பக்கம். அங்கிருந்து, தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள நான்கு விரல் சந்தில், பின் இருக்கையில் என் மனைவி தெரிந்தாள். முன்பக்கமாகத் தலையைத் தூக்கி, யாரோ வரக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"மூடியைத் தொறந்துராதீக" என்று கத்தினாள். "தம்பி சொல்லியிருக்கான்ல."

கேனைத் திறந்து, அவளுக்குச் சத்தம் கேட்கும்படி, ஊருணித் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். மீதியில் முகம் கழுவிக்கொண்டேன். எனக்கும் கழுவ வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூப்பிட்ட பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடைபாதையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அப்படியே நின்றபடி, "மாமா மொத்தம் எத்தனை தடவைப்பா நிப்பாட்டுனாக?" என்றாள். வேறு எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்திருக்காது. இதற்கு இருந்தது. பதினேழு. வண்டியை விற்கச் சொல்வதற்காக எண்ணி வைத்திருந்தது.

மே மாதத்தில் மைத்துனருடைய மனைவி, நீங்களே பார்த்து வண்டியை விற்றுக் கொடுங்கள் அண்ணே என்றார். உரக்கடை கைமாறி, கடன் போக மிஞ்சியது அதிகம் இல்லை. பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிளப்பிப் பார்த்தார், கூலண்ட் மூடியைத் திறந்து பார்த்தார், டயரை உதைத்தார். என் மனைவி நிலைப்படிக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எஞ்சின் சுத்தமா இருக்குங்கய்யா. ஒரு லட்சத்துப் பத்து குடுக்கலாம்" என்றார். உடனே குரலை இறக்கி, "ஆனா ஊருக்குள்ள இது கொதிக்கிற வண்டின்னு பேச்சு இருக்கே, நெசமா?" என்றார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். அதுதான் உண்மையும். வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி பேசினாள்.

"உள்ளதைச் சொல்லிருங்க. மறைச்சு வித்தா அது அவன் பேருக்குக் கெடுதல். எனக்காக எத்தனை தடவை அவன் அந்த வண்டியோட வேகாத வெயில்ல நின்னிருக்கான்."

வந்தவர் என்னைப் பார்த்தார். "சந்தேகமா இருந்தா குன்றக்குடி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துரலாங்கய்யா. தெரிஞ்சிரும்."

தெரிந்துவிடும். அவர் திரும்பி வந்து, வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று வாசலில் நின்று சொல்வார். பிறகு, அப்படியென்றால் தம்பி எதற்காக நிறுத்தினான் என்று அவள் கேட்பாள். கேட்டால் விடமாட்டாள். பதினேழையும் ஒவ்வொன்றாகக் கேட்பாள்; எல்லாம் தன்னை ஏற்றிக்கொண்டு போனபோது நின்றவை என்று கண்டுபிடிப்பாள். அதன் பிறகு எந்தக் காரிலும் ஏறி ஊசிக்கு வரமாட்டாள்.

"ஓட்ட வேணாம்" என்றேன். "சூடாகும். நானே கூட இருந்து பாத்திருக்கேன்."

"விக்கிறவுகளே இப்படிச் சொல்லி நான் பாத்ததில்லங்கய்யா" என்று சிரித்தார் அவர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விலையைக் குறைத்தார். அறுபத்தையாயிரத்தில் நின்றார். ஒத்துக்கொண்டேன். உள்ளே என் மனைவி, நல்லது, மனசு லேசாச்சு என்றாள்.

மறுநாள் பேங்குக்குப் போய் என் கணக்கிலிருந்து எடுத்துச் சேர்த்து, மைத்துனருடைய மனைவியிடம் ஒரு லட்சத்துப் பத்தாயிரமாகக் கொடுத்தேன். வண்டிக்கு வந்த விலை இதுதான் என்றேன். அவர் எண்ணாமலே வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். இரண்டு பெண்களும் எப்போதாவது விலையைப் பற்றிப் பேசிக்கொள்வார்களோ என்ற கவலையில் மூன்று வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இதுவரை பேசவில்லை. என் கையிலிருந்து போனது நாற்பத்தையாயிரம் ரூபாய்.